ஆறாவது சப்கல்ச்சரில் பீக் காணாமல் போனால்

வணக்கம். நித்தியகல்யாணி இலையிலிருந்து எடுத்த பூஞ்சை முதலில் வின்கிரிஸ்டைன் என்ற புற்றுநோய் மருந்துக்கான பீக் (அந்தப் பொருள் இருப்பதைக் காட்டும் வரைபட முகடு) காட்டியது, ஆறாவது சப்கல்ச்சரில் (புது மீடியத்துக்கு ஆறாவது முறை மாற்றி வளர்த்ததில்) ஒன்றுமே இல்லை, கைடு கோபப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். செடிக்குள் வாழும் பூஞ்சைகளில் இது அடிக்கடி நடப்பதுதான். செடியை விட்டுப் பிரித்து மீடியத்தில் மாற்றி மாற்றி வளர்க்க, அது அந்தப் பொருளை உண்டாக்குவதைக் குறைத்துக்கொண்டே வரும். பசிபிக் யூ மரத்தில் கிடைத்த பூஞ்சை டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தைத் தருகிறது என்று 1993இல் ஸ்ட்ரோபல் குழு அறிவித்தபோதே, லிட்டருக்குச் சில பத்து நானோகிராம்தான் கிடைத்தது.

ஆனால் முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். இலைத் துண்டின் ஓரத்தில் பூஞ்சை எட்டிப் பார்த்ததும் அந்த அகாரை (கூழ் போன்ற மீடியத்தை) வெட்டி எடுத்திருப்பீர்கள். அதோடு இலைச்சாறும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த பீக் செடியுடையது. ஒவ்வொரு மாற்றத்திலும் நீர்த்துப்போய் மறைந்திருக்கும். அது வின்கிரிஸ்டைன்தானா என்பதற்கும் எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவியில்) பீக் வரும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறின் நிறையைக் காட்டும் அளவீட்டில்) வின்கிரிஸ்டைனுக்குரிய 825 அருகே அயனி வருகிறதா, அது உடையும் விதம் ஸ்டாண்டர்டோடு (தூய வின்கிரிஸ்டைனோடு) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் கல்ச்சரிலிருந்து எடுத்த பழைய சாறு ஃப்ரீசரில் இருந்தால் இன்றே ஓட்டிவிடலாம்.

அது வின்கிரிஸ்டைன்தான் என்று உறுதியானால், கிளிசராலில் போட்டு மைனஸ் 80இல் வைத்த முதல் கல்ச்சருக்குத் திரும்புங்கள். நுண்கிருமி நீக்கிய இலைச்சாற்றை மீடியத்தில் சேர்த்தும், சேர்க்காமலும் வளர்த்துப் பாருங்கள். சாறு சேர்த்த மீடியத்தைப் பூஞ்சை இல்லாமலும் ஒரு குடுவையில் வையுங்கள். அந்தக் குடுவை இல்லையென்றால், பீக் செடியுடையதா என்ற பழைய சந்தேகமே திரும்ப வரும்.