ரோமானியக் குடியரசில் வீட்டோ எப்படி வேலை செய்தது? அது ஏன் கைவிட்டுப் போனது?

ரோமில் வீட்டோ (ஒரு முடிவைத் தடுத்து நிறுத்தும் மறுப்பு) போட ட்ரிப்யூன் நேரில் வந்து நின்று மறுக்க வேண்டும். ஓலை அனுப்பினால் செல்லாது.

பிளெபியர் எனப்பட்ட சாமானிய மக்கள் தங்களுக்குக் காவலாகத் தேர்ந்தெடுத்தவர்தான் ட்ரிப்யூன். மரபுப்படி கி.மு. 494இல் வந்த பதவி. பிறகு பத்துப் பேர், பதவிக்காலம் ஓராண்டு. ரோமின் உச்சப் பதவியான கான்சலுக்கு முன்னால் பிரம்புக் கட்டு ஏந்திப் பன்னிரண்டு லிக்டர்கள் (மெய்க்காவல் சேவகர்கள்) நடப்பார்கள். ட்ரிப்யூனுக்கு லிக்டர் கிடையாது. மக்கள் செய்த சத்தியம் ஒன்றே அவருக்குப் பாதுகாப்பு: இவர்மேல் கை வைத்தவனைக் கொன்றாலும் குற்றமில்லை. அதற்கு ஈடாக அவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டுக் கதவு இரவிலும் திறந்தே கிடக்கும், வெளியூரில் ராத்தங்கக் கூடாது, நகரைவிட்டு ஒரு மைல் தாண்டினால் அதிகாரம் போச்சு.

பத்தில் ஒருவர் மறுத்தாலும் மசோதா நின்றுவிடும். அவர் கடைசிவரை பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பார் என்று வழக்கத்தை நம்பியிருந்தார்கள். ஓட்டை அங்கேதான்.

கி.மு. 133இல் ட்ரிப்யூன் டைபீரியஸ் கிராக்கஸ், பொதுநிலத்தில் ஒருவருக்கு 500 யூகெரா (சுமார் 310 ஏக்கர்) என்று உச்சவரம்பு வைத்து, மிச்சத்தை ஏழைகளுக்குப் பிரித்துத் தர மசோதா கொண்டுவந்தார். சக ட்ரிப்யூன் ஆக்டேவியஸ் மறுத்தார், மறுத்துக்கொண்டே இருந்தார். டைபீரியஸ் அவரையே பதவிநீக்க வாக்கெடுப்புக்கு விட்டார். மொத்தம் 35 வாக்குப் பிரிவுகள். 18 சேர்ந்தால் முடிந்தது. பதினேழு விழுந்ததும் நிறுத்திவிட்டு, எல்லோரும் பார்க்க ஆக்டேவியஸைக் கட்டித் தழுவிக் கெஞ்சினார் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். ஆக்டேவியஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பக்கத்தில் கூட்டமாக நின்ற பணக்காரர்கள் பக்கம் பார்வை போனதும், "உன் இஷ்டப்படி செய்துகொள்" என்றுவிட்டார். பதினெட்டாவதும் விழுந்தது. மேடையிலிருந்து அவரை இழுத்து இறக்கினார்கள்.

நிலச் சட்டம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ட்ரிப்யூன்மேல் கை வைக்கலாம் என்று ஊர் அன்றைக்குப் பார்த்துவிட்டது. அதே ஆண்டு டைபீரியஸ் மறுபடி தேர்தலில் நின்றபோது, செனட்டர்களும் அவர்களுடைய ஆட்களும் தடிகளோடும் உடைத்தெடுத்த பெஞ்சுக் கால்களோடும் வந்து அவரை அடித்தே கொன்றார்கள். கூடவே 300 பேருக்கு மேல். முன்னால் வந்தவர் தலைமைப் பூசாரி ஸ்கிபியோ நாசிகா.

கி.மு. 23இல் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ், ட்ரிப்யூனாக ஆகாமலேயே அந்த அதிகாரத்தை மட்டும் ஆயுளுக்கும் எடுத்துக்கொண்டார். ட்ரிப்யூன்களுக்கு ஓராண்டு மட்டுமே இருந்த அதிகாரம் அது. கடைசிக் காலத்தில் அவர் எழுதிவைத்த சாதனைப் பட்டியலில், ட்ரிப்யூன் அதிகாரத்தின் 37ஆம் ஆண்டு என்று கணக்குச் சொல்கிறார்.