மைக் கை தானாக இறங்குவது பற்றி

வணக்கம். ஷூர் எஸ்எம்7பி மைக்கை மாட்டியதும் அதைத் தாங்கும் மேசைக் கை (பூம் ஆர்ம்) மெல்லத் தலை குனிகிறது, திருகை இறுக்கியும் பயனில்லை, தட்டச்சு செய்தால் தொம் தொம் என்று பதிவாகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

திருகை இன்னும் இறுக்காதீர்கள், மரை போய்விடும். சிக்கல் எடையில் இருக்கிறது. அந்த மைக் மட்டுமே சுமார் 766 கிராம்; கேபிளின் பாரம் தனி. அரைக் கிலோவுக்குச் செய்த கையில் அது நிற்காது. ஒரு கிலோவுக்கு மேல் தாங்கும் ஸ்பிரிங் கையாகப் பாருங்கள். ரோடு (Rode) நிறுவனத்தின் பிஎஸ்ஏ1+ என்ற கை 1.2 கிலோ வரை தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் இவ்வளவு நல்ல மைக்குக்கு இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வாங்குமுன், கையின் முழங்கை பின்னால் நீளச் சுவர்ப்பக்கம் இடம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.

மேசை பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால், கையை மேசையோடு பிடிக்கும் கிளாம்புக்கும் பலகைக்கும் இடையே மேலும் கீழும் பிளைவுட் துண்டு வையுங்கள். நான் வைக்காமல் விட்டு, என் மேசை விளிம்பு நொறுங்கிப்போனது.

அப்புறம் அந்தத் தொம் சத்தம். மைக்கின் பின்புறம் பேஸை (கனத்த தாழ்ந்த ஒலியை) குறைக்கும் சுவிட்ச் உண்டு, முதலில் அதைப் போடுங்கள். கிளாம்பை மேசைக்கால் இருக்கும் மூலைக்கு மாற்றுங்கள்; நடுப்பலகைதான் அதிகம் அதிரும்.