பழைய துப்பாக்கிக்குப் பொருந்தும் ஈயக் குண்டு: கேள்வி பதில்

ஒரு தோட்டாவுக்காகச் செய்து, பிற்பாடு வேறொரு தோட்டாவுக்கு மாற்றிய சின்ன விட்டத் துப்பாக்கிகளைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். முறையான உரிமம் உள்ளவர்களுக்கான பதில்கள் இவை. அளவெல்லாம் அங்குலத்தில். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குண்டு என்று நான் எழுதுவது ஈயத்தை மட்டும். கூடு, மருந்து எல்லாம் சேர்ந்தால்தான் தோட்டா.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது பிஎஸ்ஏ மார்ட்டினி கேடட். எப்போதோ யாரோ .32-20 என்ற தோட்டாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கடையில் வாங்கிய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் 25 கஜத்திலேயே குண்டு பக்கவாட்டில் போய் அட்டையைக் கிழிக்கிறது. குழல் தேய்ந்துபோய்விட்டதா?

பதில்: குழல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இந்தத் துப்பாக்கி பிறந்தது .310 கேடட் தோட்டாவுக்கு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய மாணவர் படைகளுக்காக பிஎஸ்ஏவும் கிரீனரும் செய்து கொடுத்தார்கள். படையிலிருந்து கழித்துவிட்ட பிறகு கைமாறிக் கைமாறிப் பலவிதமாக மாற்றப்பட்டன. உங்களுடையதில் தோட்டா உட்காரும் அறையை மட்டும் .32-20க்கு மாற்றிவிட்டு, குழலைப் பழையபடியே விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் குழலின் பள்ள விட்டம் (உள்ளே திருகலாக வெட்டிய புரிகளின் அடியை எதிரெதிராக அளந்த அகலம்) பெரும்பாலும் 0.316க்கு மேல், 0.320ஐத் தொடுவதும் உண்டு. கடையில் கிடைக்கும் .32-20 குண்டோ 0.311 அல்லது 0.312. ஐந்தாறு தௌ இடைவெளியில் வெடிவாயு பீறிட்டுக் குண்டின் ஓரத்தை உருக்கிக்கொண்டு முன்னே ஓடுகிறது. குண்டு புரிகளைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அட்டையில் நீங்கள் பார்க்கும் நீளக் கிழிசலுக்கு அதுதான் காரணம்.

"அப்படியானால் 0.318 குண்டு வார்த்துப் போட்டுவிடலாமே" என்று உடனே தோன்றும். பொறுங்கள், இங்கேதான் ஆபத்து இருக்கிறது. .32-20 கூட்டின் கழுத்துச் சுவர் சுமார் 7 தௌ. இரண்டு பக்கமும் சேர்த்து 14. அதோடு 318ஐக் கூட்டினால் 0.332 வருகிறது. .32-20 அறையின் கழுத்தில் அவ்வளவு இடம் இருக்காது. ஒன்று, தோட்டா உள்ளே போகாது. அல்லது திணித்தால் போகும். சுடும்போது கழுத்து விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். திணித்து மட்டும் சுடாதீர்கள்.

மூன்று வழி உண்டு. முதலாவது, குதி வைத்த குண்டு: அடிப்பகுதி மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் போகும், அகன்ற உடல் கூட்டுக்கு வெளியே நிற்கும். .310 கேடட்டின் அசல் 120 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம் எடை) குண்டே இந்த வகைதான், ஆகவே துப்பாக்கிக்கு இது புதிதல்ல. இரண்டாவது, நல்ல கைவேலைக்காரரிடம் கொடுத்து அறையின் கழுத்தை மட்டும் அகலப்படுத்துவது. மூன்றாவது, அடியில் குழிவுள்ள மெல்லிய ஈயக் குண்டு. வெடிப்பின் அழுத்தத்தில் அதன் பாவாடை விரிந்து பள்ளத்தை நிரப்பும். உங்கள் குழல் 0.316ஐ ஒட்டி இருந்தால் மூன்றாவதை முதலில் பாருங்கள். 0.320 என்றால் குதிதான். ஆக, குழலை அளக்காமல் ஒரு குண்டுகூட வாங்காதீர்கள்.

கேள்வி: குழலை எப்படி அளப்பது? வெர்னியர் போதுமா?

பதில்: வெர்னியர் போதாது. ஒரு தௌவுக்குள் வேலை நடக்கிறது, மைக்ரோமீட்டர் வேண்டும்.

தூய ஈயத்தில் பள்ள விட்டத்தைவிடக் கொஞ்சம் தடித்த துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்து, குழலைத் துடைத்து, லேசாக எண்ணெய் விடுங்கள். வாய்ப்பக்கம் ஈயத்தை வைத்து மரச்சுத்தியால் தட்டி இறக்கினால் ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வரும். அது வந்தால் துண்டு சரியான தடிமன் என்று அர்த்தம். பிறகு பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள். இதைக் கையாலேயே செய்யச் சொல்வேன், ஏனென்றால் கை பல சேதி சொல்லும்: ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் சட்டென்று தளரும். பழைய குழலில் தளரும் இடம் துருவோ உப்பலோ. பின்பக்கம் இறுக்கமாகவும் வாய்ப்பக்கம் தளர்வாகவும் இருந்தால் எந்தக் குண்டுக்கும் சிரமம்தான்.

வெளியே வந்த ஈயத்தில் மேடாக நிற்பது குழலின் பள்ளம். எதிரெதிர் மேடுகளை அளந்தால் கிடைப்பதுதான் உங்கள் எண். அதற்கு மேல் ஒரு தௌ, இரண்டு தௌ கூடுதலாகக் குண்டு இருக்க வேண்டும். புரிகள் ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் இருந்தால் எதிரெதிர் மேடு அமையாது. வி வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் தேவைப்படும்.

அறையை அளக்க செரோசேஃப் என்ற பிஸ்மத் கலவை இருக்கிறது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். ஊற்றி ஆறிய பின் முதலில் சுருங்கும், பிறகு விரியும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வரும். அப்போது அளந்துவிடுங்கள். நாள்கணக்கில் போட்டுவைத்து அளந்தால் ஓர் அங்குலத்துக்கு இரண்டு தௌவுக்கு மேல் என்ற கணக்கில் கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: ஸ்டீவன்ஸ் ஃபேவரிட், .32 ரிம்ஃபயர் (ஊசி கூட்டின் விளிம்பில் அடிக்கும் வகை). தோட்டா கிடைக்காததால் சென்டர்ஃபயராக (ஊசி அடியின் நடுவில் அடிக்கும் வகை) மாற்றிவிட்டேன், .32 லாங் கோல்ட் கூடு போடுகிறேன். குண்டு எது அண்ணா?

பதில்: தம்பி, குதி வைத்த குண்டு, 0.313ஐ ஒட்டி. ஆனாலும் முதலில் அளந்து பாருங்கள். .32 லாங் கோல்ட் தோட்டாவே ஆரம்பத்தில் குதிக்குண்டோடுதான் வந்தது. பிற்பாடு குண்டைக் கூட்டுக்குள் அடக்க 0.299ஆக ஒடுக்கி, அடியில் குழிவு வைத்தார்கள். குண்டு வார்க்கும் பழைய அச்சு வாங்கும்போது இரண்டில் எது என்று கேட்டு வாங்குங்கள். ஈயம் மென்மையாக இருக்கட்டும். 30 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் போதும். ஃபேவரிட் மெல்லிய உடம்புக்காரத் துப்பாக்கி, கரிமருந்துக் (பழைய கறுப்பு வெடிமருந்து) காலத்து அழுத்தத்தைத் தாண்டவே வேண்டாம். .32 எஸ்&டபிள்யூ லாங் கூடு இதைவிடத் தடித்தது, உள்ளே போகாது; அதைத் திணித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

கேள்வி: பழைய .22 ரிம்ஃபயர் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, .22 ஹார்னெட் என்ற வேகமான தோட்டாவுக்கு மாற்றியது. 55 கிரெயின் ஈயக் குண்டு சிதறுகிறது. 44 கிரெயின் நன்றாகப் போகிறது. ஏன்?

பதில்: முறுக்கு. ரிம்ஃபயர் குழலில் புரி ஒரு சுற்றுச் சுற்ற 16 அங்குலம் ஆகிறது. 1879இல் கிரீன்ஹில் கொடுத்த கணக்குப்படி, விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி முறுக்கு நீளத்தால் வகுத்தால் தாங்கக்கூடிய குண்டின் நீளம் வரும். 0.224க்கும் 16க்கும் அது 0.47 அங்குலம். கணக்கு சற்று இறுக்கமானது; அதைவிடக் கொஞ்சம் நீளமான மொட்டை மூக்குக் குண்டும் போகும். 55 கிரெயின் ஈயக் குண்டு அந்த எல்லையை நன்றாகத் தாண்டிவிடுகிறது. எடையைவிட நீளம்தான் முக்கியம். லைமன் நிறுவனத்தின் 225438 அச்சின் 44 கிரெயின் குண்டு இத்தகைய குழல்களில் ஒழுங்காகப் போவது இதனால்தான்.

உங்களிடம் கேட்க வேண்டியது வேறொன்று: துப்பாக்கியின் உடல் எது? ஹார்னெட்டின் அழுத்தம் கரிமருந்துத் தோட்டாக்களின் அழுத்தத்தைவிட மிக அதிகம். ஸ்டீவன்ஸ் 44½ என்ற உடல் தாங்கும், ஸ்டீவன்ஸ் 44 தாங்காது. பெயரில் அரைதான் வித்தியாசம், உள்ளே அமைப்பே வேறு. 44 என்றால் முழு வேகத் தோட்டாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: குழலில் ஈயம் ஒட்டுகிறது. இன்னும் கடினமான கலவைக்குப் போகட்டுமா?

பதில்: பலரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், பெரும்பாலும் அது நிலைமையை மோசமாக்குகிறது. தூய ஈயத்தின் பிரினெல் கடினம் (எண் கூடினால் கடினம் கூடும்) 5. லைமன் 2-ஆம் எண் கலவை 15. அச்சகத்து எழுத்து வார்க்கும் லைனோடைப் கலவை 22. குறைந்த அழுத்தத்தில் ஓடும் பழைய துப்பாக்கியில் 22 கடினமுள்ள குண்டு விரியவே விரியாது. சிறுத்திருந்தால் சிறுத்தபடியே போகும், வாயு கசியும், ஈயம் ஒட்டும். விட்டத்தைச் சரிசெய்யுங்கள், 8 முதல் 12 வரையிலான கலவைக்கு இறங்குங்கள்.

எங்கே ஒட்டுகிறது என்றும் பாருங்கள். அறையை ஒட்டிய முதல் சில அங்குலத்தில் என்றால் விட்டக் குறைவு. வாய்ப்பக்கம் என்றால் மசகு தீர்ந்துபோயிருக்கிறது. கரிமருந்து சுடுபவர்கள் தேன்மெழுகும் கொழுப்பும் சேர்ந்த மசகு போடுங்கள். பெட்ரோலிய மெழுகு கரியோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும்.

கேள்வி: குண்டின் அடியில் மாட்டும் செம்புத் தொப்பி, அதாவது கேஸ் செக், அவசியமா?

பதில்: நொடிக்கு 1,400 அடிக்குள் சுட்டால் தேவையில்லை. ஹார்னெட்டை வேகமாக ஓட்டினால் வேண்டும்.

கேள்வி: அச்சில் 311008 என்று இருக்கிறது. வார்த்தால் 0.310தான் வருகிறது. அச்சு பழுதா சார்?

பதில்: பழுதில்லை. லைமன் எண்ணில் முதல் மூன்று இலக்கம் விட்டம், மிச்சம் வடிவத்தின் எண். அந்த விட்டம் அவர்களுடைய கலவைக்கானது. தூய ஈயத்துக்கு நெருக்கமாக வார்த்தால் அதிகம் சுருங்கிச் சற்றுச் சிறிதாக விழும். வெள்ளீயம் கொஞ்சம் சேருங்கள், அச்சின் மூலைகளும் நன்றாக நிரம்பும். அப்படியும் போதவில்லை என்றால் குண்டுக்குப் பவுடர் கோட்டிங் (சூட்டில் உருகி ஒட்டும் பொடிப் பூச்சு) கொடுங்கள். இரண்டு தௌ அளவுக்கு ஏறும். அச்சின் இரு பாதிகளுக்கு நடுவே அலுமினிய நாடா ஒட்டி விரிக்கும் பழைய வழியும் இருக்கிறது. ஆனால் குண்டு வட்டமாக வராமல் சற்று நீள்வட்டமாக வரும், சைசிங் டை என்ற அளவு வளையத்தில் தள்ளி எடுக்க வேண்டும்.

வார்க்கும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உருகிய ஈயத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. ஈயத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் ஆவியாக வெடித்துச் சட்டியையே முகத்தில் கொட்டிவிடும். ஈரமான ஈயத் துண்டைச் சூடான சட்டியில் போடாதீர்கள். சட்டி ஆறியிருக்கும்போதே போட்டு, அதோடு சேர்த்துச் சூடாக்குங்கள்.