ஐந்தாவது டம்ளர்

அன்புள்ள அக்கா,

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். சிறுவயதில் அண்ணன்மார்களின் முதுகுக்குப் பின்னால் நின்று ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற சண்டை வீடியோ கேமை ஆடக் கற்றுக்கொண்டவன். அந்த ஆட்டத்தின் சிப்புகளைத் தோண்டி, திரைக்கு ஒருமுறைகூட வராத படங்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அண்மையில் அறிந்து இரண்டு இரவு தூங்கவில்லை. ‘மார்ட்டல் காம்பாட்’ ஆட்டத்திலும் இப்படியே. அப்படியானால் நாம் ஆடியது உண்மையான ஆட்டம்தானா? நம்மிடமிருந்து மறைக்கப்பட்டதுதான் அசலா? விடுபட்டவற்றைச் சேர்த்து ரசிகர்கள் செய்த வடிவங்களை ஆடலாமா, அது படைத்தவர்களுக்குச் செய்யும் துரோகமா? அமெரிக்கப் பதிப்பில் வில்லன்களின் பெயர்களை ஏன் மாற்றினார்கள்? இன்னொன்று: உங்கள் முதல் நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை நீக்கியதாக எழுதியிருந்தீர்கள். அதை வெளியிடுங்கள். வாசகனுக்கு அந்த உரிமை உண்டு.

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

‘வாசகனுக்கு அந்த உரிமை உண்டு’ என்ற வரி வந்ததும் கணினியை மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி திறந்தேன். அதே நாவலின் புதிய பதிப்புக்கான மெய்ப்பு இப்போது என் மேசையில் கிடக்கிறது. அதில் முப்பத்தோராம் பக்கத்திலிருந்து ஒரு டம்ளர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த டம்ளர் இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஒரு வில்லன் குத்துச்சண்டைக்காரன். ஜப்பானில் அவன் பெயர் எம். பைசன். நிஜக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் சாயல் முகத்திலும் இருந்தது, பெயரிலும் இருந்தது. வழக்கு வந்துவிடுமே என்று பயந்து, அமெரிக்காவுக்கு அனுப்பும்போது மூன்று பேரின் பெயர்களைச் சுழற்றி மாட்டிவிட்டார்கள். பைசன் பால்ராக் ஆனான், பால்ராக் வேகா ஆனான், வேகா பைசன் ஆனான். இதற்கெல்லாமா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

‘மறைக்கப்பட்டது’ என்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மறைப்பது வேறு, மிஞ்சுவது வேறு. 1992-ல் வந்த மார்ட்டல் காம்பாட்டில் பச்சை உடை போட்ட ரெப்டைலை வைத்தார்களே, அது மறைத்தது. பள்ளத்தின் மேல் இருக்கும் பாலத்தில், நிலவைக் கடந்து ஒரு நிழல் பறக்கும் நேரம் பார்த்து, தடுக்கும் பொத்தானைத் தொடாமல், ஓர் அடிகூட வாங்காமல் இரண்டு சுற்றையும் வென்று, இறுதிக் கொலையையும் சரியாகச் செய்தால்தான் அவன் வருவான். யாரோ உட்கார்ந்து யோசித்து, சிரித்துக்கொண்டே வைத்த வேலை அது. நீங்கள் தூங்காமல் பார்த்த படங்கள் அப்படியல்ல. வீடு கட்டி முடித்த பிறகு கொல்லைப்புறத்தில் நாலு செங்கல் கிடக்கிறது. அதை அந்த வீட்டின் ரகசியம் என்று எவனாவது சொல்வானா? ஒரு படத்தைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவானால், அதைக் கூப்பிடும் வரியை நிரலிலிருந்து எடுத்துவிடுவார்கள். படத்தைச் சிப்பிலிருந்து பிடுங்க மாட்டார்கள். பிடுங்கினால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் இடம் மாறும். நாள் நெருங்கும்போது எவரும் அந்த வினையை விலைக்கு வாங்குவதில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். முப்பது ஆண்டு கழித்து நீங்கள் வந்து அதை ‘அசல்’ என்கிறீர்கள்.

கோபப்படாதீர்கள் தம்பி. இதே பைத்தியம் எனக்கும் பிடித்திருந்தது, உங்களைவிட மோசமாக.

1993 மே மாதம், சீசன் நேரம். எனக்குப் பதின்மூன்று வயது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு, இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கமர்ஷியல் சாலையில் ஒரு மாடிப்படி ஏறினால் நான்கு வீடியோ கேம் பெட்டிகள் இருந்த அறை. ஒரு ரூபாய்க்கு ஓர் ஆட்டம். அங்கே நின்ற ஒரே பெண் நான்தான். பெரியம்மா மகன், என் அண்ணன், ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ என்ற சண்டைக்காரனைத் தவிர வேறு யாரையும் தொடமாட்டான். ஜெயித்ததும் ரியூ ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வான்: ஷெங் லாங்கைத் தோற்கடித்தால்தான் உனக்கு வாய்ப்பு உண்டு. யார் அந்த ஷெங் லாங்? எங்கள் ஊர் முழுக்க அதே கேள்வி. விடுதிப் பள்ளியில் படித்த ஒரு பையன் விடை கொண்டுவந்தான். வெளிநாட்டு இதழில் படித்தானாம்: ரியூவை வைத்து ஓர் அடிகூட வாங்காமல் கடைசி வில்லன் வரை போக வேண்டும், அவனோடு பத்துச் சுற்று, இருவருமே அடிபடாமல் சமன் செய்ய வேண்டும், அப்போது ஷெங் லாங் குதிப்பார்.

அது 1992 ஏப்ரலில் ‘எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி’ என்ற அமெரிக்க இதழ் செய்த முட்டாள்கள் தினக் கேலி. செய்தி மட்டும் ஓராண்டு தாமதமாக மலை ஏறி வந்தது, சிரிப்பு கீழேயே நின்றுவிட்டது. ஜப்பானிய மூலத்தில் அந்த வரி, ‘ஷோர்யுகெனை முறியடிக்காத வரை உனக்கு வெற்றி இல்லை’ என்பதுதான். அதாவது அவனுடைய அந்த எழும்பும் குத்து. நாங்கள் நாள் முழுக்க ‘ஆரியூகன்’ என்று கத்திக்கொண்டிருந்தோமே, அதே குத்து. அதன் சித்திர எழுத்துகளைச் சீன ஒலியில் வாசித்து ஓர் ஆளை உண்டாக்கிவிட்டார் மொழிபெயர்த்தவர்.

ஆனால் அண்ணன் ஆடினான். காசு போடுவான், முதல் எதிரியோ இரண்டாம் எதிரியோ ஒரு உதை விடுவான், ரியூவின் உயிரைக் காட்டும் மஞ்சள் கோட்டில் ஒரு விரல்கடை குறையும். அவ்வளவுதான், கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு விலகிவிடுவான். மிச்ச ஆட்டம் யாருக்கு வேண்டும்? பின்னால் நின்ற பையன்களுக்கு வேண்டும். இரண்டே நாளில் செய்தி பரவி, கையில் காசில்லாத பயல்கள் எல்லாரும் அண்ணனின் தோளுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். முதல் அடி விழுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். விழுந்ததும் கைப்பிடிக்கு நான்கு கைகள். அந்த மே மாதத்தில் ஊட்டியின் பாதிப் பையன்கள் எங்கள் பெரியம்மா ரேஷனுக்கு எடுத்துவைத்த நாற்பத்து மூன்று ரூபாயில்தான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் கற்றார்கள்.

ஜூலையில் மறுபடி போனேன். மழை. ஈரத்தில் போர்டு கெட்டுவிடாமல் இருக்கப் பெட்டிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டிருப்பார் கடைக்காரர். அது ஃபியூஸ் போனதால் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே பச்சைப் போர்டு, வரிசையாகக் கறுப்புச் சிப்புகள், சிலவற்றின் முதுகில் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. ‘ஷெங் லாங் இதில் எங்கே இருக்கிறார்?’ என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. திருப்புளியின் நுனியால் ஒரு சிப்பைத் தொட்டு, ‘இதில்தான் தூங்குகிறார், சத்தம் போடாதே’ என்றார்.

அந்தச் சிப்பில் உண்மையில் என்ன தூங்குகிறது என்று பல ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் கடிதம் எத்தனையோ படங்களைச் சொல்கிறது, இதைச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள்.

அகிமான் என்று அறியப்படும், அந்த ஆட்டத்தின் ஓவியர் அகிரா யசுதா நினைவுகூர்ந்தது இது. 1991. ஆட்டம் வெளியாகச் சில நாட்களே இருக்கின்றன. தலைப்புக்குக் கீழே ‘வேர்ல்ட் வாரியர்’ என்று ஆங்கிலத்தில் வரைந்திருக்கிறார்கள். கடைசிக்கு முந்தைய எழுத்து ‘ஓ’ ஆக இருக்க வேண்டும், ‘ஈ’ என்று இருக்கிறது. எழுத்துப் பிழை! படங்களுக்கான சிப்புகள் அதற்குள் பதிந்து முடிந்துவிட்டன, அவற்றில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. நிரல் மட்டும்தான் இன்னும் கையில் இருக்கிறது. எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று சொல்லலாமே தவிர, புதிதாக ஒன்றும் வரைய முடியாது. என்ன செய்தார்கள்? அதே தலைப்பில் சரியாக இருந்த எழுத்துத் துண்டுகளை மறுபடி எடுத்து அடுக்கினார்கள். ‘ஐ’ கிடைக்கவில்லை. ‘எல்’ இருக்கிறது. அதை ‘ஐ’ ஆகக் காட்ட மேலே ஏதாவது ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான படத் துண்டுகளில் தேடி, கைல் என்ற அமெரிக்கச் சிப்பாயின் கெண்டைக்காலிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து அந்த எழுத்தின் மேல் வைத்தார்கள்.

உலகமெங்கும் பெட்டிகளில் அந்தத் தலைப்பு மின்னியபோதெல்லாம் அதில் ஒரு சிப்பாயின் கெண்டைக்கால் இருந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. பிழையான சொல் அழியாமல் உள்ளேயே கிடக்கிறது. நீங்கள் ‘அசல்’ என்று தேடுவது அந்த ‘ஈ’ யைத்தான். எனக்கு அந்தக் கெண்டைக்கால்தான் அசல். இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் நானே ஒட்டியிருக்கிறேன்.

2004-ல் என் முதல் நாவல் கோவையில் ஓர் அச்சகத்தில் இருந்தது. அச்சுக்கான டிரேசிங் தாள்களில் பக்கங்களை எடுத்தாகிவிட்டது. செலவைக் குறைக்க ஒரு ஃபாரம் வெட்ட வேண்டும் என்றார்கள். பதினாறு பக்கம். ஒரு அத்தியாயம் சரியாகப் பதினாறு பக்கம் வந்தது: பேபி அத்தை லவ்டேல் ஸ்டேஷனில் இறங்கி வீடு தேடி வரும் அத்தியாயம். வெட்டினேன். நல்ல அத்தியாயம்தான் என்று அப்போது அழுதேன். சுமாரான அத்தியாயம் என்று இப்போது தெரிகிறது. அன்றிரவே கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன், நாவலின் முதல் வரி: ‘மலை பெய்துகொண்டிருந்தது.’ மலை! முப்பது பேர் படித்த கையெழுத்துப் பிரதி. அச்சகத்தில் கணினி இயக்குபவர் வீட்டுக்குப் போய்விட்டார், காலையில் அச்சுத் தகடு போட்டுவிடுவார்கள். ஃபோர்மேன் ஒரு பாதி பிளேடையும் பசையையும் கொடுத்து, ‘அதே அளவில் ஒரு ழை தேடுங்கள் அம்மா’ என்றார். வெட்டிப்போட்ட அத்தியாயத்தின் தாள்கள் காலடியில் கிடந்தன. அதில் ‘பேபி அத்தை வீட்டுக்குள் நுழைந்தாள்’ என்ற வரியிலிருந்து ‘ழை’யை அறுத்தெடுத்து, பிளேடு முனையில் ஏந்தி, மலையின் மேல் ஒட்டினேன். கை நடுங்கி இரண்டு முறை கோணியது. இன்றைக்கும் அந்தப் பதிப்பில் முதல் வரியைச் சாய்த்துப் பார்த்தால் ‘ழை’ ஒரு மயிரிழை மேலே நிற்கும்.

பிழையைப் பிடித்தேன். டம்ளரைப் பிடிக்கவில்லை. பேபி அத்தை நாவலிலிருந்து போய்விட்டாள், ஆனால் முப்பத்தோராம் பக்கத்தில் அந்த வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஐந்து டம்ளர் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. கொடைக்கானலிலிருந்து ஒரு பேராசிரியர் அதைப் பற்றி ஏழு பக்கக் கட்டுரை எழுதினார். வராத கடவுளுக்கான டம்ளராம் அது. கூட்டத்தில் அவர் வாசித்தபோது நான் மேடையில் அமர்ந்து, ஆழமாகக் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்தும் இருந்தது.

மார்ட்டல் காம்பாட்டின் எர்மாக் கதையும் இதுதானே? பெட்டிக்காரர் மட்டும் பார்க்கும் கணக்குப் பட்டியலில் ‘எர்மாக்ஸ்’ என்று ஒரு வரி. பிழைகளை எண்ணும் இடத்துக்கு, அந்த ஆட்டத்தைப் படைத்தவர்களில் ஒருவரான எட் பூன் வைத்த சுருக்கப்பெயர். ஆடியவர்கள் அதைச் சிவப்பு உடை நிஞ்சா என்று படித்தார்கள். பார்த்தேன் என்றுகூடச் சத்தியம் செய்தார்கள். 1995-ல் ‘அல்டிமேட் மார்ட்டல் காம்பாட் 3’ வந்தபோது படைத்தவர்களே அவனைச் செய்துகொடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் மேலே நான் போட்ட சண்டை என்னாவது என்று கேட்பீர்கள். கேளுங்கள். செங்கல் வீட்டின் ரகசியம் இல்லைதான். ஆனால் நாலு பேர் வந்து அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட ஆரம்பித்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்?

பேபி அத்தை அத்தியாயத்தை வெளியிட மாட்டேன். என்னிடம் இல்லை, டிரேசிங் தாள்கள் அச்சகத்தில் எதையோ பொதியப் போயின. டம்ளரை நான்காக்கவா என்று புதிய பதிப்பாளர் கேட்டு ஐந்து நாளாகிறது, இன்னும் பதில் சொல்லவில்லை.

ரசிகர்கள் செய்த வடிவங்களை ஆடலாமா என்று கேட்டீர்கள், அதை மறந்தே போனேன். ஆடுங்கள், ஒரு துரோகமும் இல்லை. கெண்டைக்கால் கதையை அண்ணனுக்கும் போனில் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்படியானால் அந்த நாற்பத்து மூன்று ரூபாய்?’ என்றான்.

அன்புடன்,
அக்கா