வெளிநாட்டில் இருக்கும் இந்தியத் தூதரக அதிகாரிகளுக்கு விருந்துக்குப் போவதைத் தவிர அன்றாடம் என்னதான் வேலை?

ரியாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தில், தொழிலாளர் நலப் பிரிவில், உள்ளூர் ஊழியராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். நான் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரி இல்லை. அவர்கள் மூன்று ஆண்டு வாக்கில் அடுத்த நாட்டுக்கு மாற்றலாகிப் போவார்கள். எங்களைப் போன்றவர்கள் அங்கேயே இருப்போம். தமிழில் வரும் போன்களை எடுப்பதும், அதிகாரி போகும் இடங்களுக்குக் கூடவே போவதும் என் வேலை. அரசியல் பிரிவு, வணிகப் பிரிவு ஆட்களின் நாள் வேறு மாதிரி இருக்கும். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

சவூதியில் ஏறத்தாழ 25 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு காலை கதவு திறக்கும்போதே வரிசை நிற்கும். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர், பாஸ்போர்ட்டைக் கஃபீல் (விசா கொடுத்து அழைத்த முதலாளி) பிடித்து வைத்திருப்பவர், ஐந்து மாதமாகச் சம்பளம் வராதவர், ‘அவுட்பாஸ்’ கேட்டு வருபவர். ஊருக்குத் திரும்ப ஒருமுறை மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழைத்தான் அங்கே எல்லோரும் அவுட்பாஸ் என்பார்கள். நாடு இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு பெரியது. ஹாயிலிலோ புரைதாவிலோ ஆடு மேய்ப்பவர் ரியாத் வரை வர முடியாது. அதனால் வார விடுமுறையில் அதிகாரிகளே முத்திரை, ரசீதுப் புத்தகத்தோடு அந்த ஊர்களுக்குப் போவார்கள்.

வருகிற எல்லோரும் நினைப்பது, “எம்பசி ஒரு போன் போட்டால் கஃபீல் பயந்துவிடுவான்” என்று. அப்படி ஓர் அதிகாரம் உலகத்தில் எந்தத் தூதரகத்துக்கும் கிடையாது. 1961 வியன்னா ஒப்பந்தம் தூதரக அதிகாரியைக் கைது செய்யக்கூடாது என்று சொல்கிறது. அதே ஒப்பந்தம், அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. ஒரு கம்பெனியின் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துவர அவரால் முடியாது. கடிதம் எழுதலாம், தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வழிகாட்டலாம், மொழிபெயர்ப்பாளரை அனுப்பலாம், நேரில் போய்ப் பேசலாம். அந்தப் பேச்சில்தான் நல்ல அதிகாரி யார் என்பது தெரியும்.

புதுக்கோட்டைப் பக்கத்து டிரைவர் ஒருவர். வீட்டு டிரைவர் விசாவில் வந்தவர். சம்பள பாக்கியைக் கேட்டதும் கஃபீல் அவர் மேல் ‘ஹுரூப்’ கொடுத்துவிட்டார், அதாவது வேலையை விட்டு ஓடிப்போனவர் என்று புகார். அப்போது ஹுரூப் விழுந்தால் எங்கும் வேலை பார்க்க முடியாது, முறையாக ஊருக்கும் போக முடியாது. 2021 மார்ச்சில் வந்த தொழிலாளர் சீர்திருத்தம் கஃபீல் தயவில்லாமல் நாட்டை விட்டுப் போகப் பலருக்கு வழி செய்தது. ஆனால் வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், மேய்ப்பர்கள் அதில் சேரவில்லை. அதிகம் அடிபடுகிறவர்களே வெளியே நின்றுபோனார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் அதிகாரி, இரண்டாம் செயலாளர் பதவியில் இருந்தவர், கெய்ரோவில் அரபு படித்தவர். அந்தக் கஃபீல் வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், போய் உட்கார்ந்தார். கஹ்வா (அரபுக் காப்பி) வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. அப்பா உடல்நிலை எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், இந்த வருஷம் மழை எப்படி என்று வெகுநேரம் பேச்சு. டிரைவர் பேரையே எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் மூலையில் இருந்த பெரியவர், கஃபீலின் அப்பா, “இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள்?” என்று அவராகவே கேட்டார். அப்போதுதான் எங்கள் அதிகாரி விஷயத்தைச் சொன்னார். ஒரு வார்த்தை கூடக் குற்றம்சாட்டும் தொனியில் இல்லை. பெரியவர் மகனைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. ஹுரூப் கொடுத்து அதிக நாள் ஆகாததால் கஃபீலே ரத்து செய்ய முடிந்தது. பாக்கியில் பாதிக்கு மேல் வந்தது. முழுதும் வரவில்லை.

ஆனால் எங்கள் பிரிவின் பெரிய வேலை மரணம். யாராவது இறந்துவிட்டால், மருத்துவமனை அறிக்கை, போலீஸ் அறிக்கை, ஊரிலிருந்து வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, ஜவாஸாத்தில் (சவூதி பாஸ்போர்ட், குடிவரவுத் துறை) எக்சிட், உடல் பதப்படுத்தியதற்கான சான்று, பிறகு விமான கார்கோ. இதில் ஒன்று குறைந்தாலும் உடல் பிணவறையிலேயே கிடக்கும். உடலை அனுப்பும் செலவு முதலாளியுடையது என்று சவூதி தொழிலாளர் சட்டமே சொல்கிறது. ஆனால் முதலாளி இழுத்தடிப்பார், அல்லது ஆளே கிடைக்க மாட்டார். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2009-ல் இந்தியச் சமுதாய நல நிதி தொடங்கப்பட்டது. தூதரகச் சேவைகளுக்கு நாம் கட்டும் சிறு தொகையிலிருந்து சேரும் பணம் அது.

“அண்ணே, முகத்தை ஒருவாட்டி பாத்துட்டா போதும்ணே” என்று ஒரு பெண் தினமும் போன் செய்வார். அவர் கணவர் இறந்த இடத்தில் போலீஸ் விசாரணை முடியவில்லை. அது முடியாமல் எந்தத் தூதராலும் உடலை எடுக்க முடியாது. அதிகாரி சவூதி வெளியுறவு அமைச்சகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதிக்கொண்டே இருந்தார். இங்கே பதில் இல்லாத நாள்களிலும் அந்தத் தங்கைக்கு நான் போன் செய்தாக வேண்டும் என்பது அவர் உத்தரவு. “சொல்ல எதுவும் இல்லை என்றாலும் அதையாவது சொல்லுங்கள்” என்பார். இன்னொரு குடும்பத்தில் இறந்தவரின் மனைவி, உடல் ஊருக்கு வரட்டும் என்றார், அண்ணன் தம்பிகள் அங்கேயே அடக்கம் செய்யட்டும் என்றார்கள். தூதரகம் தீர்ப்புச் சொல்லும் இடம் இல்லை. அவர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருந்தோம்.

சிறைக்குப் போவதும் உண்டு. 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவுதான் அதற்கு அடிப்படை: கைதானவர் விரும்பினால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், அதிகாரி போய்ப் பார்க்கலாம். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷன் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இந்தப் பிரிவை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. சாதாரணக் கைதிக்கும் இதே உரிமைதான். பலருக்குத் தங்கள் மேல் என்ன வழக்கு என்றே தெரியாது. அரபுத் தாளில் விரல் ரேகை வைத்திருப்பார்கள். அதைப் படித்துச் சொல்லவே ஓர் ஆள் போக வேண்டியிருக்கிறது.

சரி, விருந்துக்கு வருகிறேன். ஆமாம், குடியரசு தின வரவேற்பு நடக்கும், மற்ற நாடுகளின் தேசிய நாள்களுக்கும் போவார்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு இரவு பத்து மணி வரை நிற்பதில் யாருக்கும் ஆசை கிடையாது. ஆனால் தொழிலாளர் அமைச்சகத்து அதிகாரியின் சொந்த மொபைல் எண் அங்கேதான் கிடைக்கும். நள்ளிரவில் ஒரு முகாமில் தண்ணீரும் கரண்டும் இல்லை என்று தகவல் வந்தால் அந்த எண்ணுக்குத்தான் போன் போகும். பெரிய அளவிலும் இப்படித்தான். 2015-ல் ஏமனில் சவூதி தலைமையிலான கூட்டணியின் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, சனாவில் இந்திய விமானங்கள் இறங்கத் தினமும் சில மணி நேரம் சவூதி தரப்பிடம் அனுமதி பெற்றுத்தான் நம் மக்களை ஜிபூட்டிக்குக் கொண்டுபோனார்கள். நம்மவர்களோடு 40-க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்களும் அதில் தப்பினார்கள். அறிமுகமே இல்லாத நாட்டிடம் ஒரே நாளில் போய் அப்படிக் கேட்க முடியாது.

உங்கள் வீட்டில் யாராவது வளைகுடாவில் இருந்தால், அவருடைய பாஸ்போர்ட், விசா, இக்காமா (அங்கே வசிப்பதற்கான அனுமதி அட்டை) நகல்கள், கஃபீல் பெயர், வேலை பார்க்கும் ஊர், கூட இருக்கும் ஒருவருடைய போன் எண், இவ்வளவையும் இன்றைக்கே வாங்கி வீட்டில் வையுங்கள். பிரச்சினை என்றால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் பதியுங்கள். பதிவு எண் கிடைக்கும், அதை வைத்துத் தூதரகத்தில் கேட்கலாம். போன் எடுத்ததும் நாங்கள் முதலில் கேட்பது இக்காமா எண்ணைத்தான். அது கையில் இல்லாமல், ஆளைத் தேடுவதிலேயே பல நாள் போயிருக்கிறது.