மாஸ்ட் செல் நோயில் சிபிசி ரிப்போர்ட் எதைக் காட்டிக் கொடுக்கும்?

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் மாமாவுக்கு சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ், அதாவது அலர்ஜியில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்கள் உடலுக்குள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய். அந்தச் செல்கள் வெளிவிடும் டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவை ரத்தத்தில் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. கோவைக்குப் போகும்போது பழைய சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) ரிப்போர்ட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். மலிவான டெஸ்ட்தான், விஷயம் நிறைய அதில் இருக்கிறது. மாஸ்ட் செல்கள் எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொண்டாலோ, கூடவே வேறொரு ரத்த நோய் இருந்தாலோ அணுக்கள் குறையும். ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழே, தட்டணுக்கள் 1 லட்சத்துக்குக் கீழே, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் 1000-க்குக் கீழே போனால், நோய் மஜ்ஜையின் வேலையையே கெடுக்கிறது என்று சந்தேகிப்பார்கள். முற்றிய வகையில் ஆபத்தைக் கணிக்கும் 'மார்ஸ்' மதிப்பெண்ணில் முதல் இரண்டும் உண்டு. 60 தாண்டிய வயதும் சில மரபணு மாற்றங்களும் சேரும்.

டெங்குவில் தட்டணு இறங்கியதையோ, இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகையையோ இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ஒற்றை எண்ணைவிட, மாதக்கணக்கில் அது போகும் போக்கைத்தான் நான் கவனிப்பேன்.