கோதுமை ஆகாத பிள்ளைக்கு நெல்லையில் என்ன வாங்கலாம்? – கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. போன மாதம் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆயுசுக்கும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆன்லைனில் குளூட்டன் இல்லாத பிரெட், பாஸ்தா, பிஸ்கட் என்று வாங்கியதில் ஒரே மாதத்தில் ஆறாயிரம் ரூபாய் போய்விட்டது. பிள்ளையோ அல்வாவுக்கும் புரோட்டாவுக்கும் அழுகிறாள். அவளுக்கு என்னதான் வாங்கிக் கொடுப்பது?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்தப் பாக்கெட்டுகளை நிறுத்திவிடுங்கள் அம்மா. பிரெட்டும் பாஸ்தாவும் கோதுமை தின்னும் ஊர்களின் அன்றாடச் சாப்பாடு. அங்கே இருப்பவர்களுக்குத்தான் அதற்கு மாற்று தேவை. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த அரிசியைச் சாப்பிடும் நமக்கு அந்தச் செலவு வேண்டாம்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். சீலியாக் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலைப் பாதிக்கும். அரிசி, உளுந்து, பயறுகள், கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, ஜவ்வரிசி, தேங்காய், பனை, மீன், முட்டை, கறி, பால் எதிலும் அது கிடையாது. உங்கள் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கும் சாமான்களில் பெரும்பகுதி அவளுக்கு ஆகும்.

காலையில் இட்லி, தோசை, ஆப்பம், புட்டு, இடியாப்பம் இருக்கின்றன. மதியத்துக்கு வாரம் ஒரு நாள் சொதி வையுங்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற அதே சொதிதான். பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சைமிளகாய், கடைசியில் எலுமிச்சம்பழச் சாறு. எங்கள் வீட்டில் அதில் பெருங்காயமும் போடுவதில்லை. அது ஏன் முக்கியம் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். இன்னொரு நாள் தொலி உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இன்னொரு நாள் முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. பெரியவளாகும் பிள்ளைக்கு என்று ஆச்சிமார் பார்த்துப் பார்த்துக் கொடுப்பது அதைத்தான். பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு, கோடையில் நுங்கும் பதநீரும். இத்தனையும் சேர்த்தாலும் அந்த ஆறாயிரத்தில் பாதி ஆகாது.

கடையில் வாங்கும் தின்பண்டத்துக்கும் வழி இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய் (2020இல் புவிசார் குறியீடு வாங்கியது) நிலக்கடலையும் வெல்லமும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாலும் சீனியும். தூத்துக்குடி மக்ரூனில் மாவே கிடையாது. முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான். ஆனால் மக்ரூன் செய்யும் பேக்கரியில் பக்கத்து மேசையில் கேக்குக்கு மைதா பறந்துகொண்டிருக்கும். தனித் தட்டு, தனி இடம் உண்டா என்று கேட்டு, அவர்கள் உறுதியாகச் சொன்னால் மட்டும் வாங்குங்கள். கருப்பட்டி மிட்டாய் அரிசியும் உளுந்தும் அரைத்துப் பிழிவது. மைதா சேர்க்கிறார்களா, அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். காராச்சேவுக்கும் இதே கேள்விதான்.

அல்வா விஷயத்தில் மட்டும் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். திருநெல்வேலி அல்வாவுக்கு எடுப்பது சம்பா கோதுமைப் பால். சக்கையைப் பிழிந்து போட்டாலும் பாலோடு குளூட்டன் வந்துவிடும். முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காய்ப்பாலில் செய்வது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், அதில் மைதாப் பாலும் உண்டு. பச்சரிசியை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வீட்டிலேயே கிண்டுங்கள். கோதுமை அல்வாவின் ருசி அப்படியே வராது. ஆனால் சூட்டோடு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தால் பிள்ளை விரலை நக்குவாள்.

புரோட்டாவில் பிள்ளைகளுக்குப் பாதி ருசி சால்னாதான். வீட்டில் சால்னா வைத்து, இடியாப்பத்தை உதிர்த்து, முட்டையும் வெங்காயமும் போட்டுக் கல்லில் கொத்திக் கொடுங்கள். என் தங்கை மகனுக்கும் இதே நோய்தான். வாரம் தவறாமல் அவன் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது இந்தக் கொத்து இடியாப்பத்தைத்தான்.

கேள்வி: எனக்கும் சீலியாக்தான். ஆறு மாதமாகக் கோதுமையைத் தொடவே இல்லை. ஆனாலும் வயிற்றுப்போக்கு விட்டபாடில்லை. ரத்தப் பரிசோதனையிலும் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு இறங்கவில்லை. எங்கே தப்பு நடக்கிறது?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மாவும் பிசினும்தான். பலவற்றில் அந்த மாவு கோதுமை மாவு அல்லது மைதா. தங்கை வீட்டிலும் இப்படித்தான். ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் கோதுமையைப் போட்டுக்கொண்டிருந்தோம். கண்டுபிடித்த அன்று அவள் அழுத அழுகை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, பொருள் பட்டியலைப் படித்து வாங்குங்கள். கிடைக்காத வாரம் பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டால் போதும். அப்பளம், ஊறுகாய், கடைச் சாம்பார்பொடி, புளியோதரைப் பொடி எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் உங்கள் அரிசியைக் கொட்டினால், முதலில் விழுவது அவருடைய மாவுதான். அரிசிக்கும் மிளகாய்க்கும் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்தாலும், கோதுமைத் தூசு அறை முழுக்கப் பறக்கும். ஊறவைத்து உலர்த்திய அரிசியை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது. கைவேலைதான், ஆனால் இதில் சமரசம் வேண்டாம். கடலை மாவும் அப்படியே, பருப்பாக வாங்கி வீட்டில் அரையுங்கள்.

மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடும் கல்லில் உங்கள் தோசை வேண்டாம். தனிக் கல் ஒன்று வாங்குங்கள். பூரி பொரித்த எண்ணெயும் கூடாது. ஓட்டலில் ரவா தோசை சுடுகிற கல்லில்தான் சாதா தோசையும் வரும், அதனால் வெளியூர் போனால் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கேளுங்கள், சாம்பாரை ஒதுக்கிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தொந்தரவு நிற்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ராகி பிஸ்கட், கம்பு நூடுல்ஸ் என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாமா?
– சங்கரன்கோவில் வாசகி

பதில்: முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ராகி பிஸ்கட் பலவற்றில் ராகியைவிட மைதா அதிகம். நூடுல்ஸிலும் கோதுமை மாவு கலந்திருப்பது சாதாரணம். பின்பக்கப் பட்டியலில் கோதுமை, மைதா, ரவை, பார்லி, மால்ட் என்ற சொற்களைத் தேடுங்கள். மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது, குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் பானங்களில் நிறைய இருக்கும். சோயா சாஸிலும் கோதுமை உண்டு. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்து வருவதால், டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம்.

குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. அதற்கு மேல் 100 மில்லிகிராம் வரை உள்ளது குறைந்த குளூட்டன் வகை, சீலியாக் உள்ளவர்கள் அதை வாங்க வேண்டாம். 14 இலக்க உரிம எண்ணும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று முன்னால் போட்டு, பின்னால் கோதுமையைச் சேர்த்திருந்தால் பாக்கெட்டையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்தால் போதும்.

கேள்வி: கத்தோலிக்கக் கோயில் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் வாங்கலாமா? என் கணவருக்குச் சீலியாக். இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: கூச்சப்படவே வேண்டாம். அப்பம் கோதுமையால் ஆனது, துணுக்கும் தீங்கு செய்யலாம். கத்தோலிக்கத் திருச்சபை குளூட்டன் அறவே இல்லாத அப்பத்தை ஏற்பதில்லை. ஆனால் மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்தையும், அப்பம் இல்லாமல் திராட்சை இரசம் மட்டும் வாங்குவதையும் அனுமதிக்கிறது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். இரசம் வாங்குவதானால் அப்பத் துணுக்கு விழாத தனிக் கிண்ணமாக இருக்கட்டும். குறைந்த குளூட்டன் அப்பம் தருவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: எனக்குப் புரோட்டா சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. நானும் கோதுமையை நிறுத்திவிடலாமா?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: நிறுத்துவதற்கு முன் பரிசோதனை செய்யுங்கள். கோதுமையை விட்டு நாளான பிறகு ரத்தம் கொடுத்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம். வயிறு உப்ப வேறு காரணங்களும் உண்டு. அதுவரை வழக்கம்போலச் சாப்பிடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் புரோட்டாவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.